சிம் இல்லாத போனை நாட்குறிப்பேடாக்குவது எப்படி?

காலண்டர், செய்யவேண்டிய வேலைகள், முகவரிகள், குறிப்புகள். ஒரு நாட்குறிப்பேட்டுக்கு இந்த நான்கு போதும். 1996இல் வந்த பாம் பைலட் கருவியின் முகப்பில் இருந்த நான்கு பொத்தான்களும் இந்த நான்குக்காகத்தான். அதன் முதல் மாடலில் நினைவகம் வெறும் 128 கிலோபைட். இழுப்பறையில் கிடக்கும் எந்தப் பழைய போனும் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு திறன் கொண்டது. அதனால் கருவி மெதுவாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. சிம் இருக்கும்வரை சில வேலைகள் நமக்குத் தெரியாமலேயே நடந்துகொண்டிருந்தன. கடிகாரம் தானே சரியானது, தகவல் எந்நேரமும் எங்கோ ஒரு பிரதிக்குப் போய்க்கொண்டிருந்தது, தொலைந்தால் தேட ஒரு வழி இருந்தது. சிம்மைக் கழற்றியதும் இவை மூன்றும் நம் பொறுப்பாகிவிடும். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதே.

எந்தக் கருவி சரிப்படும்

ஆண்ட்ராய்டு போன் என்றால் 7.1.1 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு இருப்பது நல்லது. இதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் ஏராளமான சர்வர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழைப் பயன்படுத்துகின்றன. அதை நம்பலாம் என்று போனுக்குச் சொல்லும் மூலச் சான்றிதழ் 7.1.1க்கு முந்தைய பதிப்புகளில் இல்லை. பழைய போன்களுக்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே வைத்திருப்பதால் அதில் பக்கங்கள் திறக்கலாம். ஆனால் காலண்டரை ஒத்திசைக்கும் செயலிக்கு அது உதவாது. உங்களிடம் 5 அல்லது 6தான் இருக்கிறது என்றால் தூக்கிப்போட வேண்டியதில்லை. கேபிள் வழியாக மட்டும் தகவலை மாற்றிக்கொள்ளும் முறையில் அது நன்றாகவே ஓடும்.

ஐபாட் டச் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். 2022 மே மாதம் ஆப்பிள் அதை நிறுத்திவிட்டது. கடைசியான 7ஆம் தலைமுறை 2019இல் வந்தது, ஐஓஎஸ் 15க்கு மேல் அதில் ஏறாது. புதிய செயலிகள் சில நிறுவ மறுக்கும். அப்போது ஆப் ஸ்டோர் 'பொருந்தக்கூடிய பழைய பதிப்பு வேண்டுமா' என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். டேப்லெட்டும் பயன்படும்தான், ஆனால் சட்டைப் பையில் போகாத நாட்குறிப்பேடு இரண்டாம் வாரமே மேசையோடு தங்கிவிடும்.

எடுத்தவுடன் பேட்டரியைப் பாருங்கள். போனைச் சமதளமான மேசையில் மல்லாக்க வைத்து மெல்லச் சுற்றிவிடுங்கள். பம்பரம்போல் சுழன்றால் முதுகு உப்பியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கேமரா மேடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடல்களில் இந்தச் சோதனை ஏமாற்றும், அவற்றில் திரைக்கும் சட்டகத்துக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று ஓரமாகப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தவே கூடாது. பேட்டரியை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

1. பழைய தகவல்களை எடுத்துவிட்டு, ரீசெட் செய்வதற்கு முன்பே கருவியிலுள்ள கூகுள் கணக்கை நீக்குங்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதல், கணக்கை நீக்காமல் ரெக்கவரி (பொத்தான்களை அழுத்திப் பிடித்துத் திறக்கும் பழுதுநீக்கத் திரை) வழியாக ரீசெட் செய்தால் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு வழிமறிக்கும். ஆப்பிள் கருவியில் 'ஃபைண்ட் மை' வசதியை அணைக்க வேண்டும். பிறரிடம் வாங்கிய கருவி என்றால் இதை அவர் கையாலேயே செய்யவையுங்கள். பிறகு அவரைத் தேடிப் போவது வீண் அலைச்சல்.

2. ஃபேக்டரி ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, வருகிற அப்டேட்டுகளை எல்லாம் ஏற்றுங்கள். கணக்கில் நுழையும்போது எஸ்எம்எஸ் சரிபார்ப்பு கேட்டால் அது உங்கள் முதன்மைப் போனுக்கு வரும், அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில பழைய ஐபோன்கள் முதல்முறை இயங்கவே ஏதாவது ஒரு சிம்மைக் கேட்கும். அதற்கு மட்டும் ஒரு சிம்மைப் போட்டு எடுத்துவிடலாம்.

3. ஃபிளைட் மோடைப் போடுங்கள். பிறகு வைஃபையைத் தனியாக ஆன் செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இயங்கும். சிம் இல்லாவிட்டாலும் போனின் மோடம் அவசர அழைப்புக்காக அருகிலுள்ள கோபுரங்களைத் தேடிக்கொண்டே இருக்கும், பேட்டரி கரைவது அதனால்தான். பல நாடுகளில் சிம் இல்லாமலே அவசர எண்ணை அழைக்க முடியும் என்பதையும், அதற்கு முதலில் ஃபிளைட் மோடை எடுக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ஜெர்மனி போன்ற சில நாடுகளில் சிம் இல்லாமல் அழைப்பே போகாது. குழந்தைகள் விளையாட்டாக அந்தப் பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

4. நேர மண்டலத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

5. திரைப்பூட்டுக்கு ஒரு 'பின்' (PIN) எண் வையுங்கள். பூட்டுத் திரையில் எழுத்து காட்டும் வசதி இருந்தால் மின்னஞ்சல் முகவரியையோ வீட்டாரின் எண்ணையோ அதில் எழுதுங்கள். இந்தக் கருவிக்கு யாரும் அழைத்துப் பேச முடியாதே.

6. முகப்புத் திரையில் நான்கு செயலிகளையும் கடிகாரத்தையும் மட்டும் வையுங்கள். விளையாட்டு, வீடியோ, சமூக வலைத்தளம் எதுவும் வேண்டாம். நீக்க முடியாததை 'டிசேபிள்' செய்யுங்கள். கண்டிப்பாகத் தோன்றலாம், ஆனால் குறிப்பு எழுத எடுத்த போனில் அரை மணி நேரம் வீடியோ பார்த்துவிட்டு, எழுத வந்ததை மறந்து கீழே வைப்பதுதான் இந்த முயற்சி வழக்கமாகத் தோற்கும் விதம்.

கடிகாரம்

சிம் உள்ள போனுக்கு நேரத்தையும் நேர மண்டலத்தையும் கோபுரமே சொல்லிவிடும். நம் கருவிக்கு வைஃபை கிடைக்கும்போது மட்டும்தான் சரியான நேரம் வரும். நேர மண்டலம் அப்போதும் வராமல் போகலாம். வெளிநாடு போய் இறங்கி விடுதி வைஃபையில் இணைத்த பிறகும் காலண்டர் வீட்டு நேரத்தையே காட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

வைஃபையே இல்லாமல் விட்டால் உள்ளேயுள்ள குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு விநாடி விலகலாம், மாதத்துக்கு ஏறக்குறைய 50 விநாடி. சந்திப்புகளுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் கணக்கில் நுழையக் கடவுச்சொல்லோடு கேட்கும் இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்களை இதே கருவியில் உருவாக்குகிறீர்கள் என்றால் அது பெரிய விஷயம். அந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும், கணக்கீடு முழுக்கக் கடிகாரத்தை நம்பியது. ஒரு நிமிடம் பிசகினால் சரியாகத் தட்டச்சு செய்த எண்ணையும் தவறு என்று தள்ளிவிடும். வாரம் ஒருமுறையாவது வைஃபையில் இணைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு கோளாறு புதியவர்களைத் திகைக்கவைக்கும். பேட்டரி அடியோடு தீர்ந்து வாரக்கணக்கில் கிடந்த கருவி, எழுந்ததும் 1970 ஜனவரி 1 என்றோ தான் தயாரான ஆண்டு என்றோ தேதி காட்டலாம். வைஃபை இணைந்திருக்கும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது, 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வரும். ரவுட்டரைக் குறை சொல்லாதீர்கள். சர்வரின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 1970இல் நிற்கும் கருவிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைக் கையால் சரிசெய்தால் எல்லாம் திறந்துவிடும்.

காலண்டர்

கூகுள் கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கருவியோடு வரும் காலண்டரே போதும். கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு எஃப்-டிராய்டு செயலிக் களஞ்சியத்தில் ஈட்டார், ஃபாஸிஃபை காலண்டர் இரண்டும் கிடைக்கும். கணக்கில்லாமல் கருவிக்குள்ளேயே இருக்கும் காலண்டர் ஒன்றை உருவாக்கி, நிகழ்வுகளை அதில் எழுதுங்கள். செயலியின் தகவலை அழித்தாலோ செயலியையே நீக்கினாலோ அந்தக் காலண்டரும் போய்விடக்கூடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

தலைப்பில் வினைச்சொல் இருக்கட்டும். 'வங்கி' என்று எழுதினால் மூன்று வாரம் கழித்து எதற்கு என்று தெரியாது. 'வங்கியில் கையெழுத்து மாற்றக் கொடுக்க' என்றால் தெரியும். ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு நினைவூட்டல்கள் வையுங்கள். பல் மருத்துவரிடம் மாலை 4.30க்குப் போக வேண்டும், வழியில் 40 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய நாள் இரவு ஒன்று, பழைய எக்ஸ்ரேயைத் தேடி எடுத்து வைக்க. அன்றைக்கு 3.30க்கு ஒன்று, கிளம்ப. சரியாக 4.30க்கு அடிக்கும் மணியால் யாருக்கு என்ன பயன்?

திரும்பத் திரும்ப வரும் நிகழ்வில் ஒரு பொறி உண்டு. மாதக் கடைசியில் கட்ட வேண்டிய தவணைக்கு 'ஒவ்வொரு மாதமும் 31ஆம் தேதி' என்று போட்டுவிடுவார்கள். காலண்டர் கோப்புகளுக்கான பொதுவிதிப்படி, இல்லாத தேதி தவிர்க்கப்படும், அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகாது. 31 நாள் கொண்ட மாதங்கள் ஏழுதான். ஆகவே ஆண்டுக்கு ஏழு முறை மட்டும் மணி அடிக்கும், ஐந்து தவணை தவறும். 'மாதத்தின் கடைசி நாள்' என்ற தெரிவு இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் 28 என்று வையுங்கள். பிப்ரவரி 29இல் பிறந்தவரை ஆண்டுதோறும் வாழ்த்த நினைப்பவர்களும் இதையே செய்ய வேண்டும்.

நினைவூட்டல் அடிக்கவில்லையா?

அதிகம் வரும் புகார் இதுதான். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், திரை அணைந்து, சார்ஜர் இல்லாமல், அசையாமல் கிடக்கும் போன் உறக்க நிலைக்குப் போய்விடும். பின்னணியில் ஓடும் செயலிகள் அப்போது தள்ளிப்போடப்படும். பழைய போன் மேசையில் கிடப்பதே அந்த நிலையில்தான். செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதிக்குப் போய், காலண்டருக்கும் வேலைப்பட்டியல் செயலிக்கும் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் 'அலாரங்களும் நினைவூட்டல்களும்' என்ற அனுமதியையும், 13 முதல் அறிவிப்பு அனுமதியையும் தனித்தனியே பாருங்கள். அறிவிப்பின் ஒலி அளவும் அலாரத்தின் ஒலி அளவும் வெவ்வேறு என்பதால் இரண்டையும் ஏற்றி வையுங்கள்.

பிறகு சோதித்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு அப்பால் ஒரு நிகழ்வைப் போட்டு, கையில் வைத்துக்கொண்டே காத்திருந்து, 'அடித்துவிட்டது' என்று திருப்திப்படுவது சோதனை ஆகாது. அப்போது போன் உறங்கியிருக்காது. ஒன்றரை மணி நேரம் தள்ளி நிகழ்வைப் போடுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், திரையை அணைத்து மேசையில் வையுங்கள், தொடாதீர்கள். நேரத்துக்கு அடித்தால் நம்பலாம்.

கருவி மறுதொடக்கம் ஆனால், நீங்கள் பின் எண்ணைப் போட்டுத் திறக்கும்வரை பெரும்பாலான செயலிகளால் தங்கள் தகவலைப் படிக்க முடியாது, நினைவூட்டலும் வராது. இரவில் அப்டேட் ஏறி, காலையில் பேசாமல் கிடக்கும் போனுக்கு இதுவே காரணம். அணைத்து வைத்த போனில் அலாரம் அடிக்கும் என்றும் நம்பாதீர்கள், பெரும்பாலான மாடல்களில் அடிக்காது.

வேலைப்பட்டியல், குறிப்பு, முகவரி

வேலைப்பட்டியலுக்கு டாஸ்க்ஸ்.ஆர்க் போன்ற எளிய செயலி போதும். 'வரவு' என்று ஒரே ஒரு பட்டியலை முகப்பில் வைத்து, மனதில் தோன்றியதையெல்லாம் முதலில் அதில் போடுங்கள். வகைப்படுத்துவதை இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் செய்யுங்கள். போடும்போதே நிறம், குறிச்சொல், முன்னுரிமை என்று யோசித்தால் பத்தாவது நாளில் கை ஓய்ந்துவிடும். தேதி உறுதியானது காலண்டருக்கு, தேதி இல்லாதது பட்டியலுக்கு. ஒரே வேலை இரண்டிலும் இருக்க வேண்டாம்.

குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக வைப்பது நல்லது. மார்க்கர் என்ற செயலி அதற்கு ஏற்றது. அந்தக் கோப்பு இன்னும் 20 ஆண்டு கழித்தும் எந்தக் கணினியிலும் திறக்கும், செயலி நின்றுபோனாலும் எழுத்து நிற்கும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: '2025-03-14 குடிநீர் இணைப்பு'. அகரவரிசையில் அடுக்கினாலே காலவரிசையும் தானாக அமைந்துவிடும். தமிழில் எழுதுவோருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: 'கொ' என்ற எழுத்தை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சில தேடல் செயலிகளுக்கு வேறு வேறு. கணினியில் எழுதிய 'கொரியர்' போனில் தேடினால் அகப்படவில்லை என்றால் 'ரியர்' என்று தேடிப் பாருங்கள்.

அழைக்க முடியாத கருவியில் முகவரிப் புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். முதன்மைப் போன் செத்துப்போன அன்றைக்கு, யாரோ ஒருவரின் போனை வாங்கிப் பேச எண் வேண்டுமே. எண்களைக் கூட்டல் குறியோடும் நாட்டுக் குறியீட்டோடும் எழுதுங்கள். கடவுச்சொற்களைக் குறிப்பில் எழுதாமல், அவற்றைப் பூட்டி வைக்கும் கீபாஸ் வகைச் செயலியில் வையுங்கள்.

ஒத்திசைவும் பேக்கப்பும்

வழிகள் மூன்று. கூகுள், ஐகிளவுட் போன்ற கணக்கு வழியாக வைஃபையில் தானே மாறிக்கொள்வது முதலாவது. காலண்டரையும் முகவரிகளையும் சேமித்துத் தரும் நெக்ஸ்ட்கிளவுட் அல்லது ராடிகாலே சர்வரைச் சொந்தமாக வைத்து, போனில் டேவ்எக்ஸ்5 செயலியால் இணைப்பது இரண்டாவது. கேபிளைச் செருகிக் கோப்பாக எடுத்துக்கொள்வது மூன்றாவது. எதை எடுத்தாலும் ஒன்றையே எடுங்கள். ஒரே காலண்டரை இரண்டு வழியில் ஒத்திசைத்தால் ஒவ்வொரு பிறந்தநாளும் இரண்டிரண்டாக வரும், பிறகு உட்கார்ந்து அழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வைஃபை இல்லாத நேரத்தில் கருவியிலும் கணினியிலும் ஒரே குறிப்பை மாற்றினால் மோதல் வரும். சில செயலிகள் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிடும். கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் போன்றவை மோதிய பிரதியைத் தனிக் கோப்பாக விட்டுவைக்கும், வாரம் ஒருமுறை அவற்றைத் தேடிச் சேர்த்துவிடுங்கள். பொது இடத்து வைஃபையில் 'இணைந்தது' என்று காட்டியும் எதுவும் நகரவில்லை என்றால், அது உள்நுழைவுப் பக்கத்துக்காகக் காத்திருக்கிறது; பிரவுசரை ஒருமுறை திறங்கள். அந்தப் பக்கம் எஸ்எம்எஸ்ஸில் எண் அனுப்புகிறேன் என்றால் முதன்மைப் போனின் எண்ணைக் கொடுங்கள், அல்லது அதன் ஹாட்ஸ்பாட்டையே பயன்படுத்துங்கள். காலண்டரும் குறிப்பும் தின்னும் டேட்டா சொற்பம்.

ஒத்திசைவு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். இங்கே தவறாக அழித்தது அங்கேயும் அழியும். மாதம் இருமுறை காலண்டரை ஐசிஎஸ் கோப்பாகவும் முகவரிகளை விசிஎஃப் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து, குறிப்புக் கோப்புறையோடு சேர்த்துக் கணினிக்கு நகலெடுங்கள். கேபிளைச் செருகியதும் கணினியில் ஒன்றும் தெரியாவிட்டால், அறிவிப்புத் திரையை இழுத்து 'கோப்பு மாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் அது சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கும். விசிஎஃப் கோப்பை மீண்டும் ஏற்றும்போது ஏற்கெனவே உள்ள பெயர்களை நீக்கிவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் இரட்டையராகிவிடுவார்கள்.

பேட்டரிப் பராமரிப்பு

வைஃபையை வேண்டும்போது மட்டும் ஆன் செய்தால் நல்ல பேட்டரி பல நாட்கள் தாங்கும். சார்ஜை 20க்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் வைத்திருங்கள். எப்போதும் சார்ஜரிலேயே மாட்டி வைப்பதும், வெயிலில் நிற்கும் காருக்குள் விடுவதும்தான் பேட்டரியை உப்பவைக்கும். சில மாதம் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். அமோலெட் திரையில் கறுப்புப் பின்னணி மின்சாரத்தை மிச்சப்படுத்தும், எல்சிடியில் அதனால் பலனில்லை.

தொலைந்துவிட்டால்

கருவி இருக்குமிடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதியை இங்கே பெரிதாக நம்ப முடியாது. ஃபிளைட் மோடில் வைஃபைக்கு வெளியே கிடக்கும் கருவி பெரும்பாலும் எங்கும் தகவல் அனுப்பாது. எனவே தொலைந்தது உறுதியானால் வேறு கருவியிலிருந்து கணக்குக்குள் போய் இந்தக் கருவியை வெளியேற்றுங்கள், கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். சொந்த சர்வர் என்றால் டேவ்எக்ஸ்5க்குக் கொடுத்த கடவுச்சொல்லை ரத்து செய்யுங்கள். சரிபார்ப்பு எண் செயலியும் அதில் இருந்ததென்றால், முன்பே தாளில் எழுதி வைத்த மீட்புக் குறியீடுகளால் உள்ளே போய் அதைப் புதிதாக அமையுங்கள். பிறகு இன்னொரு பழைய போனில் ஐசிஎஸ், விசிஎஃப் கோப்புகளை ஏற்றி, நேர மண்டலத்தைச் சரிபார்த்து, அந்த ஒன்றரை மணி நேரச் சோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.